குளித்துவிட்டு வந்த கை

தம்பிமாரே, தங்கைமாரே, போன வாரம் உங்கள் பிசியோதெரபி அறைக்கு வந்து அந்தப் புது மெஷினைப் பார்த்தேன். நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டுகிறது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. பதுளையில் நான் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்த எழுபதுகளில் எங்களிடம் இருந்தது ஒரு பழைய மின்பெட்டி. மழைக்காலத்தில் அதுவும் வேலை செய்யாது. மற்றபடி வழுவழுப்பான ஒரு பலகை, ஒரு டின் முகப்பவுடர், எங்கள் விரல்கள், அவ்வளவுதான். அறுந்த நரம்பைத் தைத்த பிறகு கையில் அசைவு திரும்புகிறதா என்று அந்த விரல்களால்தான் தடவிக் கண்டுபிடிப்போம்.

மெஷினை நம்பாதே, மனுசனைப் பார் என்று புத்தி சொல்லத்தான் இந்தக் கிழவி வந்திருக்கிறாள் என்று நினைக்கிறீர்கள். இல்லை. மெஷினைத் தாராளமாக நம்புங்கள். நான் சொல்ல வந்தது ஒரு பயத்தைப் பற்றி. ஆம் என்றாலும் தப்பாகலாம், இல்லை என்றாலும் தப்பாகலாம், ஆனால் பொழுது சாய்வதற்குள் இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிற நிலைமை உங்களுக்கும் ஒருநாள் வரும். எனக்கு அது அஞ்சலையின் கையில் வந்தது.

அஞ்சலை அப்புத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவள். முப்பது வயது இருக்கும். மழையில் மலைச் சரிவில் சறுக்கி, கூடையோடு தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து வலது மேற்கை எலும்பை முறித்துக்கொண்டாள். முறிந்த எலும்பு, அதை ஒட்டி ஓடும் நரம்பையும் அறுத்துவிட்டது. மணிக்கட்டை மேலே தூக்குவதும் விரல்களை நீட்டுவதும் அந்த நரம்பின் வேலை. கொழும்பில் நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. மாதங்கள் கழிந்தும் மணிக்கட்டு மட்டும் வாடின கீரைத்தண்டு மாதிரித் தொங்கியது. மணிக்கட்டு தொங்கினால் விரல்களுக்கும் பிடி இருக்காது. ஒற்றைக் கையால் யாரும் கொழுந்து பறித்ததில்லை. தோட்டத்தில் இரக்கப்பட்டு, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்ட விட்டிருந்தார்கள். அந்த இரக்கம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று அவளுக்கும் தெரியாது.

தைத்த நரம்பு கீழ்நோக்கி வளரும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், அவ்வளவுதான். எல்லாருக்கும் வளர்ந்து சேராது. சேராவிட்டால் வேறொரு வழி இருக்கிறது. கையின் உள்பக்கத்தில் நன்றாக வேலை செய்யும் சில தசைநாண்களை வெட்டி எடுத்து, வெளிப்பக்கமாகத் திருப்பித் தைத்து, அவற்றைக்கொண்டு மணிக்கட்டைத் தூக்க வைக்கலாம். நல்ல ஒப்பரேஷன்தான், நானே பலரைத் தேற்றி எடுத்திருக்கிறேன். ஆனால் ஒருமுறை திருப்பினால் திருப்பினதுதான். நரம்பு தானாக வந்துகொண்டிருக்கும் கையில் அதைச் செய்வது வீண் வெட்டு. நரம்பு வராத கையில் அதைச் செய்யாமல் விடுவது அதைவிடக் கொடுமை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அஞ்சலை நின்றாள்.

கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை வரும் சர்ஜன் ஒருவர் இருந்தார். கை ஒப்பரேஷன் என்றால் அந்தப் பக்கத்துக்கே அவர் ஒருவர்தான். கெட்டிக்காரர், முன்கோபி, வேடிக்கையாகவும் பேசுவார். அந்தக் காலத்தில் டொக்டர்மார் பலர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவரும் புறப்பட்டுவிட்டார். அந்தத் தை மாத வருகைதான் பதுளைக்கு அவருடைய கடைசி வருகை. மறுநாள் காலையில் அவர் செய்யப்போகும் ஒப்பரேஷன்களோடு சரி, அதற்குப் பிறகு யார் வருவார் என்று எவருக்கும் தெரியாது.

அஞ்சலையை முதல்நாளே வார்டில் சேர்த்திருந்தார்கள். நான் அவளை முதன்முதல் பார்த்தது சர்ஜன் வந்த அன்று காலைதான். நீண்ட லீவு முடிந்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். அதுவரை அவளைக் கவனித்த பிசியோதெரபிஸ்ட் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் போட்ட மார்க் எல்லாம் பூஜ்யம். எங்கள் கணக்கில் பூஜ்யம் என்றால் தசையில் அசைவே இல்லை, ஒன்று என்றால் லேசான துடிப்பு, ஐந்து என்றால் முழுப் பலம்.

சர்ஜன் கட்டிலருகே நின்று, "எங்கே, கையைத் தூக்கச் சொல்" என்றார். சொன்னேன்.

"தூக்குறேங்க தொரே, பாருங்க" என்றாள் அஞ்சலை. விரல்களை இறுக்கி மடக்கினாள். மணிக்கட்டு மேலே வந்தது. நன்றாகவே வந்தது. சுற்றி நின்ற தாதிமார் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

என் விரல்கள் அவளுடைய முன்னங்கையின் முதுகுப் பக்கத்தில் இருந்தன. அங்கே எதுவுமே நடக்கவில்லை. நீங்கள் இப்போதே உங்கள் கையில் செய்து பார்க்கலாம். மணிக்கட்டைத் தளரவிட்டு விரல்களை இறுக மடக்கினால், வெளிப்பக்கத் தசைநாண்கள் இழுபட்டு மணிக்கட்டு தானாக எழும்பும். தசை தூக்குவதில்லை, கயிறு இழுபடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவள் ஏமாற்றுக்காரி இல்லை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நிற்க வைத்து வேலை பிரித்துக் கொடுக்கும்போது, முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் முடியுங்க என்பதுதான் பதில். பாட்டன் காலத்திலிருந்து அப்படியே பழகிய ஜனங்கள். தூக்கு என்று தொரை சொன்னால் அந்த உடம்பு எதையாவது பிடித்து, எப்படியாவது தூக்கிக் காட்டிவிடும். நீங்கள் பார்க்கிற நோயாளிகளில் பாதிப்பேர் அஞ்சலைதான், தோட்டத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை.

"வருதுதானே மிஸ்ஸி?" என்று என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண்களைத் தோட்டத்துச் சனங்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முழங்கைக்குக் கீழே உள்ள தசையையும் சோதித்தேன். அதுவும் பேசாமல் கிடந்தது. சர்ஜனிடம் ஆங்கிலத்தில், "இது உண்மையான அசைவு இல்லை. பூஜ்யம்தான்" என்றேன்.

"அப்படியானால் நாளைக்கு முதல் கேஸ் இவள்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அஞ்சலைக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சரியானதைத்தான் சொன்னேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். இருந்தாலும் மத்தியானச் சோறு இறங்கவில்லை. சரியாகச் சொன்னவர்களுக்கும் சில நாள் சோறு இறங்காது, இந்த வேலையில் அதையும் பழகிக்கொள்ள வேண்டும்.

பிற்பகலில் மறுபடி வார்டுக்குப் போனேன். இந்த மாதிரி ஒப்பரேஷனுக்கு முன்பே நோயாளிக்குச் சில பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும், மாவுக்கட்டுப் போட்ட பிறகு சொன்னால் பிடிபடாது. அஞ்சலை கட்டிலில் இல்லை. விறாந்தைப் படியில் நல்ல வெயிலில் உட்கார்ந்திருந்தாள். சுருக்குப்பையின் கயிறு வலது முன்னங்கையில் மாட்டியிருந்தது. கட்டைவிரல் மேலே வரும்படி கையைத் திருப்பி, முழங்கையை மடக்கிப் பையை மார்புக்கு நேரே தூக்கினாள். இடது கையை உள்ளே விட்டு வெற்றிலை தேடினாள்.

அப்போது பார்த்தேன். முழங்கைக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரல் பக்கமாக, தோலுக்கு அடியில் ஒரு மேடு எழும்பி நின்றது. பையை இறக்கினாள், மேடு மறைந்தது. திரும்பத் தூக்கினாள், எழும்பியது.

உங்களுக்கு உடற்கூற்றுப் பாடம் புதிதாக நினைவிருக்கும். அந்த நரம்பு காயத்தைத் தாண்டிக் கீழே இறங்கினால் முதலில் போய்ச் சேரும் வீடு அந்தத் தசைதான். மணிக்கட்டைத் தூக்கும் தசைகள் அடுத்த வீடு. காலையில் செத்துக் கிடந்த தசை இப்போது எப்படி வேலை செய்கிறது? ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். கதகதவென்று இருந்தது. காலையில் இதே கை பனிக்கட்டி போல் இருந்தது சட்டென்று நினைவுக்கு வந்தது. நரம்பு அறுந்த கை எப்போதும் கொஞ்சம் குளிர்ந்துதான் இருக்கும், அதனால் அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"காலையில கை ஏம்மா அப்படி ஜில்லுனு இருந்துச்சு?"

"குளிச்சேன்ல மிஸ்ஸி."

"எங்க குளிச்ச?"

"பின்னாடி பைப்புல. விடியிறதுக்கு முன்னயே குளிச்சிட்டேன். பெரிய டொக்டர் தொர தொட்டுப் பாக்குற கை, அழுக்கோட நீட்டலாங்களா?"

"கிளினிக்குக்கு வாறப்பவும் அப்படித்தானா?"

"எங்க லயத்துப் பீலியில தலையோட குளிச்சிட்டுத்தான் மொத ரயிலுக்கு வருவேன். கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் குளிக்காம போவாங்களா மிஸ்ஸி?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

லயம் என்றால் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள், மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டுகிற இடம்தான் பீலி. நான் பதுளை டவுனில் வெந்நீரில் குளித்து வளர்ந்தவள். அப்புத்தளைப் பீலியில் மார்கழித் தையில் கை வைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குக் கேள்வி ஞானம்தான். அதில் குளித்து, ஈரத்தோடு, மூடுபனிக்குள் நடந்து, ரயிலில் சன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தால் நல்ல கையே விறைத்துப்போகும். நரம்பு இப்போதுதான் எட்டிப் பார்த்த தசை அந்தக் குளிரில் அசையவே அசையாது. எங்களுக்கு மரியாதை செய்வதற்காகக் குளித்துக் குளித்தே அவள் பூஜ்யம் வாங்கியிருக்கிறாள்.

அவளை எங்கள் அறைக்குக் கூட்டிப்போனேன். கை உரசாமல் வழுக்குவதற்காகப் பலகையில் பவுடரைத் தூவி, கையின் பாரம் தெரியாதபடி முன்னங்கையைப் பக்கவாட்டில் படுக்க வைத்தேன். மணிக்கட்டுத் தசையின் மேல் என் நடுவிரலை வைத்துக்கொண்டு, விரல்களை மடக்காமல் மணிக்கட்டை மட்டும் பின்னால் கொண்டுபோகச் சொன்னேன். ஏதோ துடித்தது. துடித்ததா? என் விரல் நுனியில் அடிக்கும் என் நாடியே அப்படித் தெரிந்ததா? ஆசைப்படுகிற விரலுக்கு எல்லாமே துடிப்பாகத்தான் தெரியும். அவளை ஓய்வாக இருக்கச் சொன்னேன், துடிப்பு இல்லை. செய்யச் சொன்னேன், வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, நீ நினைத்தபோது செய், சொல்லாமல் செய் என்றேன். துடிப்பு வந்தபோதெல்லாம் "இப்பவா?" என்று கேட்டேன். "ஆமாங்க" என்றாள். அதற்குமேல் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அவளைத் திரும்ப வார்டுக் கட்டிலில் விட்டுவிட்டுச் சர்ஜனைத் தேடிப் போனேன்.

சர்ஜன் ஒப்பீஸ் அறையில் வெல்லத் துண்டைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். சீனி கிடைக்காத காலம் அது. விஷயத்தைச் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்தார். "காலையில் இல்லை என்றவள் நீ. இப்போது இருக்கிறது என்பவளும் நீ. நாளைக்குக் கத்தியை எடுத்த பிறகு என்ன சொல்வாய்?" என்றார். என்றாலும் எழுந்து வந்தார். அதற்காகவே அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

வெள்ளைக் கோட்டைக் கண்டதும் அஞ்சலை விறைத்துப்போனாள். நான் வாயைத் திறப்பதற்குள், "தூக்குறேங்க தொரே" என்று விரல்களை இறுக்கி மடக்கி, காலையில் காட்டிய அதே வித்தையைக் காட்டினாள்.

"இதைத்தானே காலையிலும் பார்த்தோம்" என்று சர்ஜன் திரும்பினார்.

விளக்கம் சொல்லி நிறுத்தக்கூடிய ஆள் இல்லை அவர். அஞ்சலையிடம் இன்னொரு முறை செய் என்றால் இன்னும் இறுக்கி மடக்குவாள். சட்டென்று, "அஞ்சலை, எனக்கு ஒரு வெத்தல தாம்மா" என்றேன்.

என் ஆயுளில் நான் வெற்றிலை போட்டதில்லை. வார்டுக்கே அது தெரியும். தாதி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அஞ்சலையின் முகத்திலிருந்த பயம் போய்விட்டது. வெற்றிலை கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? பையைக் கையில் மாட்டினாள், முழங்கையை மடக்கித் தூக்கினாள், உள்ளே துழாவினாள். மேடு எழும்பி நின்றது. நான் சர்ஜனுக்கு விரலால் காட்டினேன்.

அவர் குனிந்து அந்த இடத்தில் தன் விரலை வைத்தார். அஞ்சலை வெற்றிலையை என்னிடம் நீட்டிக்கொண்டே நின்றாள். பிறகு அவரே மணிக்கட்டுத் தசையைத் தொட்டுப் பார்த்தார்.

"நரம்பு இந்த ஒரு தசையோடு நின்றுவிடவும் கூடும்" என்றார். "அப்படி நின்றுவிட்டால் ஒப்பரேஷனைச் செய்ய நான் இருக்கமாட்டேன். வேறு யாரும் இங்கே வரமாட்டார்கள். தெரியுமா?"

"தெரியும்."

"அப்படியிருந்தும் காத்திருக்கச் சொல்கிறாயா?"

முழுசாக வந்துவிடும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. "வர ஆரம்பித்திருக்கிறது, டொக்டர். அது மட்டும் எனக்கு நிச்சயம். வந்துகொண்டிருப்பதை வெட்டித் திருப்ப வேண்டாம்" என்றேன்.

"சரி. இனி இந்தக் கை உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். நோயாளியின் கட்டிலில் உட்காரக்கூடாது என்று உங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள், அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மிஸ்ஸி சொல்லிட்டுப் போறாரு?"

"நாளைக்கு வெட்டமாட்டாங்கம்மா. நரம்பு தானா வருது."

"அப்ப ராவைக்குச் சோறு திங்கலாங்களா?" என்றாள். ஒப்பரேஷனுக்கு முன்னால் பட்டினி கிடக்கச் சொல்லியிருந்தார்கள். நான் சிரித்த சிரிப்பில் அடுத்த கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

இனிமேல் குளிக்காமல் கிளினிக்குக்கு வா என்று சொன்னதுதான் அவளோடு நான் போட்ட பெரிய சண்டை. "குளிக்காமயா? சனங்க என்ன சொல்லும்?" என்றாள். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். அவள் குளிப்பாள், ஆனால் கையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு வருவாள், வந்ததும் நாங்கள் வெந்நீரில் வைத்துச் சூடாக்கிய பிறகே அளப்போம். கம்பளிப் பொதியை மார்போடு அணைத்துக்கொண்டு வருவதைப் பார்த்து, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று ரயிலில் இடம் கொடுத்தார்களாம். இவளும் ஆமாங்க என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாளாம். அதன்பிறகு எங்கள் அறையில் எந்தக் கையையும் சூடாக்காமல் நாங்கள் அளந்ததில்லை.

அந்த மாதங்களில் நான் பட்ட பாட்டை யாரிடமும் சொல்லவில்லை. சர்ஜன் விமானம் ஏறிவிட்டார். அஞ்சலை வருகிற நாளெல்லாம் எனக்குப் பரீட்சை நாள். துடிப்பு துடிப்பாகவே நின்ற வாரங்கள் இருந்தன. நாமே ஒரு பெண்ணின் கையைக் கெடுத்துவிட்டோமோ என்று பயந்தேன், சாமி படத்துக்கு முன்னால் நின்று அந்தக் கைக்காகக் கேட்டுக்கொண்டேன். பிறகு ஒருநாள் பவுடர்ப் பலகையில் மணிக்கட்டு தானாக நகர்ந்து கோடு போட்டது. அப்புறம் பாரத்தை எதிர்த்து எழும்பியது. விரல்கள் நீண்டன. கட்டைவிரல் கடைசியாக, முரண்டு பிடித்துக்கொண்டு வந்தது. அவள் திரும்பவும் மலையில் ஏறிக் கொழுந்து பறித்தாள்.

ஆகவே, பிள்ளைகளே, முடியுதுங்க என்று நோயாளி சொன்னால் அது எந்தத் தசையால் முடிகிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். முடியவில்லை என்று தெரிந்தால், பூஜ்யம் போடுவதற்கு முன் அந்தக் கை எங்கிருந்து எப்படி வந்தது என்று கேளுங்கள். உங்கள் மெஷினும் குளிர்ந்த கையில் தப்பாகத்தான் காட்டும் என்று நீங்களே எனக்குச் சொன்னீர்கள், கேட்டுச் சந்தோஷமாக இருந்தது. காலையில் ஒன்று சொல்லி மாலையில் வேறொன்று சொல்ல வேண்டி வந்தால் வெட்கப்படாதீர்கள். உங்கள் மானத்தைவிட அந்தக் கை பெரிது.

கடைசி முறை அவளை அளந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. முழுப் பலம் வந்துவிட்டதா என்று பார்க்க, அவள் மணிக்கட்டை உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும், நான் அதைக் கீழே அழுத்த வேண்டும். அவள் உயர்த்தினாள், நான் அழுத்தினேன்.

"அமுக்குறீங்களா மிஸ்ஸி?"

"அமுக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"தெரியவே இல்லீங்களே."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு கைகளையும் வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினேன். பலகை கிறீச்சிட்டது. அவள் கை அசையவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. அஞ்சலை என் முகத்தைப் பார்த்துக் கலங்கிப்போய், இடது கையால் என் தோளைப் பிடித்தாள்.

"போதும் மிஸ்ஸி, விடுங்க. ஒங்க கை நோகப்போவுது" என்றாள்.